உடம்படுமெய்

பெண்டிமியர் சாலை, மூன்றாம் மாடி, ஏழாம் அறை.
குளிர்சாதனம் இருபத்திரண்டில் நிற்கிறது.
மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி.
முதலாளிப் பக்கம் அமர்ந்த யாரும்
அதிலிருந்து ஒன்று உருவி நான் பார்த்ததில்லை.

நான் மொழிபெயர்ப்பாளர்.
அந்த அறையில் எனக்கென்று கருத்து கிடையாது.
ஒருவர் வாயிலிருந்து எடுத்து
இன்னொருவர் காதில் வைக்க வேண்டும், சிந்தாமல்.

சூசைமாணிக்கம். தொண்டிக்காரர். சாரம் கட்டுகிறவர்.
ஐந்து மாதச் சம்பளம், நாலாயிரத்து அறுநூறு வெள்ளி.
சிமெண்டுப் பையில் கிழித்த தாளில்
பென்சிலால் கணக்கெழுதி, நாலாய் மடித்து
நெஞ்சுக்கு நேரே வைத்திருந்தார்.

எதிரே திருவாட்டி இயோ.
கெட்டவராகத் தெரியவில்லை, களைத்திருந்தார்.
பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடி
கடைசியில் ஆங்கிலத்தில் ஐந்தே சொல் சொன்னார்.
நான் அதைத் தமிழில் ஒன்றாக்கினேன்:
பார்த்துக்கொள்கிறோம்.

சூசைமாணிக்கத்தின் தோள் இறங்கியது.
காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்திட்டார்.

இரவு ரயிலில் நூலகப் புத்தகம், தவணை கடந்தது.
ஷையான் மக்கள். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு.
சண்டை மாட்டில் தொடங்குகிறது.
காணாமல்போன மாடுகள்,
கவர்ந்தவர் இவர்களே என்கிறது படை.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பூச்சூடாத வெட்சி!

அப்புறம் சிரிப்பு வரவில்லை.
மே மாதம் ஒரு தலைவன்
படைவரிசையை நோக்கிக் குதிரையில் போகிறான்.
மார்பில் அவர்கள் தலைநகரில் அணிவித்த பதக்கம்.
கையில், இவன் நண்பன் என்று அவர்களே எழுதித் தந்த தாள்.
தாளை வாசிக்கும் தூரத்துக்கு
அவனை வரவிடவில்லை.

செப்டம்பரில் மீண்டும் பேசுகிறார்கள்.
நடுவில் என்னைப்போல் ஒருவன்.
புத்தகம் அவனுக்கு அரை வரி ஒதுக்குகிறது.
அதிகாரி சொன்னது:
பணிய ஆயத்தமானால் கோட்டைக்குப் போங்கள்.
தலைவர்கள் கேட்டது:
கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் பயமில்லை.

உயிரும் உயிரும் ஒட்டாதபோது
நடுவே ஒரு மெய் வந்து நிற்கும்,
உடம்படுமெய் என்று பெயர்.
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன்,
மதிப்பெண்ணுக்காக.
உடன்படிக்கைக்கும் சந்தி என்றுதான் பெயர்.
தோன்றும். திரியும். கெடும்.

நவம்பர் கடைசியில், பனி விடியலில்,
வறண்ட ஓடைக்கரைக் கூடாரங்களின் நடுவே
கம்பு நட்டுக் கொடி ஏற்றினார்கள்,
படையினுடைய கொடியையே.
அதன் கீழே ஒரு வெள்ளைத் துணி.
ஓடாதே, கொடியடியில் நில் என்று
தாய்மார்களிடம் சொல்லப்பட்டது.
நின்றார்கள்.

பூன் லே வந்துவிட்டது.
நான் இறங்க வேண்டிய நிலையம்
எப்போதோ போய்விட்டிருந்தது.

ஒப்பிடக்கூடாது. தெரியும்.
அங்கே துப்பாக்கி,
இங்கே ஒரு விமானச் சீட்டு, சன்னலோர இருக்கை.
வெள்ளிக்கிழமை விடியுமுன் விடுதி வாசலில் வேன் நின்றதாம்.
பையைக் கட்டப் பத்து நிமிடம் தந்தார்களாம்.
சாங்கியிலிருந்து கூப்பிட்டார்:
"அக்கா, பாத்துக்கிறோம்னு சொன்னீங்களே,
எங்க ஊருல கைலிய மடிச்சுக் கட்டிட்டுச் சொல்லுவாங்களே,
அந்தப் பாத்துக்கிறோமா?"
கோபமாகக் கேட்கவில்லை.
சரிபார்க்கத்தான் கேட்டார்.

அந்தச் சொல்லுக்கு இரண்டு கை.
ஒன்று தாங்கும், ஒன்று ஓங்கும்.
நான் எந்தக் கையைக் கொடுத்தேன்?
திருவாட்டி இயோ எதைத்தான் நீட்டினார்?
எனக்குத் தெரியாது என்பதை
எந்தப் படிவத்திலும் நிரப்ப இடமில்லை.

இன்று காலை ஏழாம் அறை.
வேறு இருவர், அதே டிஷ்யூ பெட்டி.
எதிர்ப்பக்கத்திலிருந்து
ஏறக்குறைய அதே ஐந்து சொல்.
இருவரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

இருபத்திரண்டிலும் எனக்கு வியர்க்கிறது.
"மன்னிக்கவும்," என்கிறேன்,
"இன்னொரு முறை சொல்லுங்கள்.
எப்படி? எந்தத் தேதியில்? எவ்வளவு?"
அது என் வேலை இல்லை என்று
அறைக்கே தெரியும்.

பேனா மூடுகிறது. திறக்கிறது.